பழைய கிராமபோன் பெட்டிக்கு அசல் கையேடு: மலையிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் பங்களாக்களைக் காலி செய்யும்போதும் எஸ்டேட் கைமாறும்போதும் சாவி கொடுத்து ஓடும் கிராமபோன் பெட்டிகள் இன்னமும் வெளியே வருகின்றன. பெட்டி வரும், கூடவே இருந்த தாள் வராது. அந்தத் தாளைத் தேடுகிறவர்களின் கேள்விகள் இங்கே. எந்தக் கேள்வியானாலும் முதல் வேலை ஒன்றுதான்: பெட்டிக்குள் இருக்கும் மோட்டார் எது, சவுண்ட் பாக்ஸ் (முள்ளைப் பிடித்து ஒலி எழுப்பும் வட்டத் தலை) எது என்று கண்டுபிடியுங்கள். பெட்டியின் வெளித்தோற்றத்தை மட்டும் நம்பித் தேடினால் பெரும்பாலும் வேறொரு மெஷினின் தாள்தான் கையில் கிடைக்கும்.

கையேடு என்றால் எத்தனை பக்கம் இருக்கும்?

பலரும் புத்தகம் போல ஒன்றை எதிர்பார்க்கிறார்கள். வாங்கியவருக்குக் கொடுத்தது பெரும்பாலும் மடித்த ஒற்றைத் தாள், அல்லது நாலு பக்கத் துண்டுத்தாள், அல்லது மூடியின் உட்புறத்திலோ மோட்டார் பலகையின் அடியிலோ ஒட்டிய அட்டை. சாவியை எந்தப் பக்கம் சுற்றுவது, எங்கெல்லாம் எண்ணெய் விடுவது, முள்ளை எப்போது மாற்றுவது, வேகத்தை எந்தத் திருகில் கூட்டிக் குறைப்பது என்பதோடு அது முடிந்துவிடும்.

ஸ்பிரிங் மாற்றுவது, கவர்னரை (வேகத்தைச் சீராக வைக்கும் உறுப்பு) கழற்றுவது, பாகங்களின் எண் இதெல்லாம் வியாபாரிகளுக்கும் மெக்கானிக்குகளுக்கும் தனியாக அச்சடித்துக் கொடுத்த சர்வீஸ் தாள்களிலும் பாகப் பட்டியல்களிலும்தான் இருக்கும். மூன்றாவதாக, விற்பனைக் கேட்டலாக். படமும் விலையும் அதில் இருக்கும், பழுதுபார்க்க உதவாது. ஸ்பிரிங் அறுந்துபோனவர் முதல் வகைத் தாளுக்குப் பணம் கொடுத்து வாங்கிவிட்டு ஏமாந்ததாக நினைப்பது வழக்கம். எதற்காகத் தேடுகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

என் பெட்டி எந்த மாடல் என்றே தெரியவில்லை. நாய்ப் படம் மட்டும் இருக்கிறது.

நாய்ப் படம் மாடல் அல்ல, முத்திரை. கிராமபோன் கம்பெனி அந்த ஓவியத்தை 1899இல் வாங்கியது. அதன் பிறகு எத்தனையோ மாடல்களில் அதே நாய் உட்கார்ந்திருக்கிறது. அடையாளம் காண இப்படிச் செய்யுங்கள்.

பிரேக்கை எடுத்துவிட்டு, தட்டு தானாக நிற்கும்வரை சுற்றவிடுங்கள். ஸ்பிரிங்கில் முறுக்கு மிச்சமிருக்கும்போது மோட்டாரை வெளியே எடுக்கவே கூடாது. கவர்னர் விலகினால் மொத்த விசையும் ஒரே நொடியில் அவிழும். பல் சக்கரமும் போகும், விரலும் போகும்.

அடுத்து, சுழலும் தட்டைக் கழற்றுங்கள். பல மாடல்களில் இரண்டு கையாலும் எதிரெதிர் விளிம்பைப் பிடித்து நேராக மேலே தூக்கினால் வரும். வராவிட்டால் நடுத்தண்டில் வளைய வடிவில் கிளிப் இருக்கிறதா என்று பாருங்கள். கிளிப் இல்லையென்றால் ஒருவர் தட்டை லேசாகத் தூக்கிப் பிடிக்க, இன்னொருவர் தண்டின் தலையில் மரக்கட்டை வைத்து மெல்லத் தட்ட வேண்டும். இரும்புச் சுத்தியல் நேரடியாகப் படக் கூடாது, தண்டு மொட்டையானால் ரிக்கார்டு உட்காராது.

தட்டின் அடியில் மோட்டார் பலகையில் உலோகப் பட்டையோ காகித லேபிளோ இருந்தால் அதிலுள்ள எழுத்து, எண் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு பலகைத் திருகுகளைக் கழற்றி, மோட்டாரோடு பலகையைத் தூக்கி, நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். வார்ப்பில் காரர்ட், தோரன்ஸ், பையார் போன்ற பெயர் இருக்கலாம். பெயர் தெரியாத பல பெட்டிகளில் இந்த இங்கிலாந்து, சுவிஸ் மோட்டார்கள்தான் ஓடின. அப்படியானால் பெட்டி விற்ற கடையின் பெயரை மறந்துவிட்டு மோட்டாரின் பெயரால் தேடுங்கள்.

கடைசியாக சவுண்ட் பாக்ஸ். எச்எம்வி (ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ், அந்த நாய் முத்திரை) பெட்டிகளில் அதன் முகத்திலோ முதுகிலோ எண் இருக்கும். 1925இல் வந்த 101 போர்ட்டபிளில் அப்ரகத் தகடு கொண்ட 4ஆம் எண் வழக்கம். 1931இல் வந்த 102இல் அலுமினியத் தகடு கொண்ட 5ஏ, 5பி. இந்த 102 மாடல் 1950களின் இறுதி வரை விற்பனையில் இருந்தது, நடுவில் உறுப்புகள் மாறின. ஆகவே 102 என்று மட்டும் எழுதிக் கேட்டால் போதாது, சவுண்ட் பாக்ஸ் எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பட்டையில் 1904 என்று இருக்கிறது. அதுதானே செய்த ஆண்டு?

பெரும்பாலும் அல்ல. அது காப்புரிமை (பேட்டன்ட்) வாங்கிய தேதி. அதற்குப் பிறகு பல ஆண்டுகள் அதே பட்டையைப் பொருத்தி விற்றிருப்பார்கள். பட்டையிலுள்ள கடைசித் தேதிக்கு முன்னால் அந்த மெஷின் வந்திருக்காது, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

தாள் பெட்டிக்குள்ளேயே இருக்க வாய்ப்பு உண்டா?

நிறைய உண்டு. வெளியே அலைவதற்கு முன் இதைப் பாருங்கள். போர்ட்டபிளில் மூடியிலுள்ள ரிக்கார்டுத் தட்டின் பின்புறம், முள் டப்பாவின் அடி, சாவி மாட்டும் கிளிப்பின் பின்னால், மோட்டார் பலகைக்குக் கீழே பெட்டியின் தரை. அலமாரி மாடலில் ஆல்பம் வைக்கும் அறையின் பின்பலகை இடுக்கு. தட்டின் மேலிருக்கும் வெல்வெட் அல்லது கம்பளித் துணியைப் பிய்க்காதீர்கள், அதன் அடியில் யாரும் தாள் வைப்பதில்லை.

இன்னொன்று, ரிக்கார்டு ஆல்பங்கள். பெட்டியை ஒருவரும் ஆல்பத்தை இன்னொருவரும் வாங்கிப் போவதால் தாள் ஆல்பத்தின் உறையோடு போய்விடுகிறது. ஆல்பத்தை வாங்கியவர் யார் என்று தெரிந்தால் ஒரு போன் போட்டுக் கேட்பதில் தப்பில்லை.

நீலகிரியில் எங்கே தேடலாம்? நூலகங்களில் கிடைக்குமா?

துண்டுத்தாள்களை நூலகங்கள் பொதுவாகச் சேர்த்து வைத்ததில்லை. கையேட்டை எதிர்பார்த்து நூலகம் போனால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்கும். விளம்பரம் தேடிப் போனால் பலன் உண்டு: 1930களின் தமிழ்ப் பத்திரிகைகளில், குறிப்பாகத் தீபாவளி மலர்களில், கிராமபோன் விளம்பரங்கள் படத்தோடு வந்தன. மாடல் பெயர் தெரியாதவர்களுக்கு அந்தப் படம் பெரிய உதவி. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய தமிழ் இதழ்களுக்கு நல்ல இடம். போவதற்கு முன் எந்த ஆண்டு, எந்த இதழ் என்று எழுதிக் கேட்டுவிட்டுப் போங்கள். மலையிறங்கிப் போய் வருவது லேசுப்பட்ட வேலை இல்லை.

உள்ளூரில் பலன் தருவது பழைய பேப்பர் கடையும் காயலான் கடையும்தான். பங்களா காலியாகும்போது மரச்சாமான் ஒரு பக்கம் போகும், காகிதமெல்லாம் எடைக்குப் போகும். கடைக்காரரிடம் கிராமபோன் கையேடு என்று கேட்டால் இல்லை என்பார். நாய்ப் படம் போட்ட எந்தத் தாள் வந்தாலும் எடுத்து வையுங்கள் என்று சொல்லிப் பாருங்கள், வரும். கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்கும் இதே வழிதான்.

இணையத்தில் எப்படித் தேடுவது?

ஆங்கிலத்தில் தட்ட வேண்டும், மேனுவல் என்ற ஒரே சொல்லோடு நின்றுவிடக் கூடாது. அந்தக் காலத் தாள்களின் தலைப்பில் டைரக்‌ஷன்ஸ் என்றோ இன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ் என்றோ ஹவ் டு ஆபரேட் என்றோதான் இருக்கும். பிரிட்டிஷ் மெஷினுக்கு கிராமபோன், அமெரிக்க மெஷினுக்கு ஃபோனோகிராஃப், டாக்கிங் மெஷின் என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

முதலில் போக வேண்டிய இடம் இன்டர்நெட் ஆர்க்கைவ். அங்கே கம்பெனிகளின் கேட்டலாக்குகளும் கையேடுகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. 1905இல் தொடங்கிய டாக்கிங் மெஷின் வேர்ல்டு என்ற வணிக இதழின் பழைய பிரதிகளும் படிக்கக் கிடைக்கின்றன. பழுதுபார்க்கும் குறிப்புகள் அதில் ஏராளம். லண்டனில் 1919 முதல் இயங்கும் சிட்டி ஆஃப் லண்டன் ஃபோனோகிராஃப் அண்டு கிராமபோன் சொசைட்டி பழைய கேட்டலாக்குகளை மறுபதிப்பாக வெளியிட்டிருக்கிறது.

பலருக்கும் தோன்றாத வழி காப்புரிமைப் படங்கள். பட்டையில் எண் இருந்தால் கூகுள் பேட்டன்ட்ஸிலோ எஸ்பாசெநெட்டிலோ அந்த எண்ணைப் போடுங்கள். கவர்னர், பிரேக், சவுண்ட் பாக்ஸ் எல்லாம் பாகம் பாகமாக வரைந்து விளக்கியிருப்பார்கள். கையேட்டைவிட இது பல நேரம் தெளிவாக இருக்கும். பிரிட்டிஷ் காப்புரிமையில் ஒரு சிக்கல்: 1915 வரை ஒவ்வோர் ஆண்டும் எண் முதலிலிருந்து தொடங்கும். ஆண்டையும் சேர்த்துப் போடாவிட்டால் சம்பந்தமில்லாத ஏதோ ஒரு கருவியின் படம் வந்து நிற்கும். 1916 முதல் ஒரே தொடர் எண்.

பளபளக்கும் பித்தளைக் குழல் வைத்த பெட்டி வாங்கினேன். அதற்குக் கையேடு கிடைக்கவில்லையே?

கிடைக்காது, அச்சடிக்கவே இல்லை. சுற்றுலா ஊர்களில் பழசு என்று விற்கப்படும் குழல் கிராமபோன்களில் பெரும்பகுதி சமீப காலத்தில் சேர்த்துக் கட்டியவை. மெல்லிய பித்தளைக் குழல், புதிய மரப்பெட்டி, மழுங்கலாக அச்சடித்த நாய் முத்திரை, குழலைத் தாங்கும் முரட்டு வார்ப்பு முழங்கை, புத்தம்புதிய பித்தளைத் திருகுகள். இவற்றில் மூன்று சேர்ந்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

வருத்தப்படவும் ஒரேயடியாகத் தேவையில்லை. உள்ளே பெரும்பாலும் ஏதோ ஒரு பழைய போர்ட்டபிளிலிருந்து எடுத்த அசல் மோட்டார் இருக்கும். மேலே சொன்னபடி அதைத் திறந்து பெயர் பாருங்கள். அந்த மோட்டாருக்கான தாள்தான் உங்கள் பெட்டிக்கும் கையேடு. சவுண்ட் பாக்ஸ் புதிய போலியாக இருந்தால் நல்ல ரிக்கார்டுகளை அதில் போடாதீர்கள், பள்ளத்தை அரைத்துவிடும்.

விக்ட்ரோலாவுக்கு?

அமெரிக்காவின் விக்டர் கம்பெனி 1906இல் விக்ட்ரோலாவைக் கொண்டுவந்தது. பட்டையில் விவி என்ற முன்னெழுத்தும் ரோமன் எண்ணோ சாதாரண எண்ணோ இருக்கும். ஒரே மாடல் பெயரில் வருடா வருடம் மோட்டார் மாறியிருப்பதால் வரிசை எண்ணையும் அதோடு ஒட்டிய எழுத்தையும் விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். தேடுவது சுலபம், எச்எம்வியைவிட விக்டர் தாள்கள் இணையத்தில் அதிகம்.

எடிசன் உருளை மெஷின் இருக்கிறது. ஸ்டாண்டர்டு என்று எழுதியிருக்கிறது. அந்தப் பெயரில் எந்தக் கையேடு கிடைத்தாலும் போதுமா?

போதாது. ஸ்டாண்டர்டு, ஹோம், ட்ரையம்ஃப், ஜெம் என்ற ஒவ்வொன்றிலும் ஏ, பி, சி, டி என்று உட்பிரிவுகள் உண்டு. அதைவிட முக்கியம் ரீபுரொடியூசர், அதாவது உருளை மெஷினின் சவுண்ட் பாக்ஸ். இரண்டு நிமிட மெழுகு உருளைக்கு சி, 1908இல் வந்த நாலு நிமிட உருளைக்கு எச், இரண்டுக்கும் திருப்பிப் பயன்படுத்தும்படி கே. முதல் வகையில் ஒரு அங்குலத்துக்கு 100 வரிகள், இரண்டாவதில் 200. இரண்டு நிமிடத்துக்கு மட்டும் செய்த மெஷினின் தாளை வைத்துக்கொண்டு நாலு நிமிட உருளையை ஓட்டினால் முள் வரியைத் தாவித் தாவி ஓடும், உருளையும் பாழ். 1912இல் வந்த நீல ஆம்பரால் உருளைகளுக்கான வைர முள்ளை மெழுகு உருளைமேல் வைத்தால் ஒரே ஓட்டத்தில் செதுக்கித் தள்ளிவிடும்.

நம் மலைக்கென்று ஒரு எச்சரிக்கை எந்தத் தாளிலும் இல்லை. நீல உருளையின் உள்சுவர் பிளாஸ்டர். ஈரத்தில் அது உப்பும். ஜூன் முதல் டிசம்பர் வரை இரண்டு பருவமழையும் நனைக்கும் ஊரில் உருளை மெஷினின் கூம்பில் இறங்க மறுப்பது சகஜம். அழுத்தினால் மேல் செல்லுலாய்டு பிளக்கும். காய்ந்த அறையில் சில வாரம் வைத்துப் பாருங்கள், அப்போதும் இறங்காவிட்டால் உள்சுவரை நுணுக்கமாகச் சுரண்டத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

தாள் கிடைத்துவிட்டது. அதில் சொன்ன எண்ணெய் இன்று எது?

கவர்னர் தாங்கிகள், நடுத்தண்டின் தாங்கி, கவர்னரை உரசும் தோல் அல்லது ஃபெல்ட் துண்டு: இவற்றுக்குத் தையல் மெஷின் எண்ணெய், இடத்துக்கு ஒரு சொட்டு. உரசும் துண்டு காய்ந்திருந்தால் வேகம் அலைபாயும், பாட்டு இழுத்து இழுத்து வரும். பல் சக்கரங்களுக்கும் வார்ம் கியருக்கும் மெல்லிய கிரீஸ். ஸ்பிரிங் டிரம்முக்குள் கிராஃபைட் கிரீஸ். ஓடும்போது பெட்டிக்குள் தொம் தொம் என்று உதைத்தால் பழைய கிரீஸ் காய்ந்து ஸ்பிரிங் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன என்று பொருள்.

தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம். அது உறைவது ஏறக்குறைய 24 டிகிரியில். ஊட்டியில் வெயில் காலத்திலும் அறை அந்த அளவுக்குச் சூடாவது அபூர்வம். விட்ட அன்று ஓடும், மறுநாள் காலை கவர்னர் நகராது. கீழ்நாட்டில் இருந்து வாங்கி வரும் பெட்டிகளில் இந்தக் கோளாறு அடிக்கடி தெரிகிறது. பழைய பிசினை மண்ணெண்ணெயில் கழுவி எடுத்து, நன்றாகத் துடைத்த பிறகே புது எண்ணெய் விட வேண்டும். டிசம்பர், ஜனவரி உறைபனி நாட்களில் சரியான கிரீஸ்கூட இறுகும். வேகத் திருகைத் தொடாமல் ஒரு முழு முறுக்கு வெறுமனே ஓடவிட்டுப் பிறகு பாருங்கள்.

சவுண்ட் பாக்ஸைக் கழற்றச் சொல்கிறது தாள். அசையவே மாட்டேன் என்கிறது.

அந்தத் தாள் எழுதியது புது மெஷினுக்கு. துத்தநாகக் கலவை வார்ப்பில் செய்த முதுகுத் தகடுகளும் குழாய்க் கைகளும் காலப்போக்கில் உப்பி வெடிக்கும். 4ஆம் எண் சவுண்ட் பாக்ஸில் இது அதிகம். முறுக்கினால் உடையும், ஒட்ட வைக்க வழியில்லை. ஹேர் டிரையரால் மெல்லச் சூடு காட்டி, ஆட்டிப் பாருங்கள். வராவிட்டால் விட்டுவிடுங்கள். வந்தால், முதலில் பார்க்க வேண்டியது ரப்பர் வளையம்: நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும். கல் போல இருந்தால் சத்தம் தகரத்தில் அடித்த மாதிரி கரகரக்கும். புது ரப்பர் போட்டாலே பாதிக் குரல் திரும்பிவிடும்.

வேகம் சரிபார்க்க?

நிமிடத்துக்கு 78 சுற்று. ரிக்கார்டின் ஓரத்தில் துண்டுக் காகிதம் செருகி, முள் பாட்டின் மீது இருக்கும்போதே 30 நொடிக்கு 39 சுற்று எண்ணுங்கள். வெறும் தட்டில் எண்ணினால் கணக்குத் தப்பும். ஸ்ட்ரோப் அட்டையை (வேகம் சரியாக இருந்தால் மின்விளக்கின் ஒளியில் கோடுகள் நிற்பதுபோல் தெரியும் வட்ட அட்டை) இணையத்திலிருந்து அச்சடித்தால் 77 கோடுள்ளதை எடுங்கள், நம் 50 சைக்கிள் (ஹெர்ட்ஸ்) மின்சாரத்துக்கு அதுதான். 92 கோடு அமெரிக்க 60 சைக்கிளுக்கு.

மின்சார மோட்டார் உள்ள பெட்டி. கையேடு இல்லாமல் இணைப்புக் கொடுக்கலாமா?

கூடாது. ஏசியா டிசியா, எத்தனை வோல்ட், எத்தனை சைக்கிள் என்று பட்டையில் படித்த பிறகுதான். 110 வோல்ட் மோட்டாரை 230இல் செருகினால் புகைதான். டிரான்ஸ்ஃபார்மர் வைத்து வோல்ட்டைக் குறைக்கலாம், சைக்கிளை மாற்றாது. 60 சைக்கிள் சிங்க்ரோனஸ் மோட்டார் (மின்சாரத்தின் சைக்கிளுக்கு ஏற்ற வேகத்தில் சுற்றுவது) இங்கே 78க்குப் பதில் 65இல் சுற்றும். துணி சுற்றிய பழைய ஒயர் நொறுங்கினால் முதலில் அதை மாற்றுங்கள்.

அசல் தாள் என்று விற்கிறார்கள். மறுபதிப்பா என்று எப்படித் தெரியும்?

பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஈய எழுத்தில் அச்சான தாளில் எழுத்தின் ஓரத்தில் மை பிதுங்கிக் கரை கட்டியிருக்கும், பின்புறம் தடவினால் அழுத்தம் தெரியும். லேசர் பிரதியில் எழுத்து தாளின் மேல் மினுமினுப்பாக உட்கார்ந்திருக்கும். இங்க்ஜெட்டில் கறுப்பைச் சுற்றி வண்ணப் புள்ளிகள். ரூபாய் நோட்டு பார்க்கும் புற ஊதா டார்ச்சை இருட்டில் அடியுங்கள். பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால், வெண்மையூட்டும் ரசாயனம் கலந்த காகிதம், 1950 வாக்கிலிருந்துதான் அது புழக்கத்துக்கு வந்தது. 1920களின் தாள் அப்படி ஒளிரக் கூடாது. 102 போன்ற பெட்டியின் கடைசிக் காலத் தாள் ஒளிர்ந்தால் மட்டும் அவசரப்பட்டுப் போலி என்று சொல்லிவிட வேண்டாம்.

ஓட்டுவதற்கு மறுபதிப்பே போதும். புது ஸ்பிரிங்கின் விலையைவிட அதிகம் கொடுத்துத் துண்டுத்தாள் வாங்குவது, சேகரிப்பவர்களைத் தவிர மற்றவர்களுக்கு வீண்.

இந்த ஈரத்தில் தாளை எப்படிக் காப்பது?

லேமினேஷன் செய்யாதீர்கள், செலோ டேப் ஒட்டாதீர்கள். இரண்டையும் திரும்பப் பிரிக்க முடியாது. பாலியஸ்டர் உறையில் போட்டு, சிலிக்கா ஜெல் பையோடு மூடும் டப்பாவில் வையுங்கள். ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை கிளம்பும். சிறிய ஈரப்பத மானி ஒன்றை உள்ளேயே வைப்பது நல்லது. ஜெல் நிறம் மாறியதும் 110 டிகிரி அவனில் ஒரு மணி நேரம் காயவைத்தால் மறுபடி உதவும். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம், மழைக்காலத்தில் அந்தச் சுவர்தான் முதலில் வியர்க்கும்.

வெள்ளிமீன் பூச்சி இருந்தால் தாளை பாலிதீன் பையில் காற்றில்லாமல் மூடி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்த பிறகு ஒரு முழு நாள் பையைத் திறக்கக் கூடாது, திறந்தால் தாளின் மேலேயே ஈரம் படியும்.

பிரதி எடுத்து மற்றவர்களுக்குக் கொடுக்கலாமா?

இந்தியச் சட்டப்படி ஆசிரியர் பெயர் இல்லாமல் வெளியான அச்சுப் படைப்புக்குப் பதிப்புரிமை வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டு. 1920, 30களின் துண்டுத்தாள்கள் அதைத் தாண்டிவிட்டன. தாராளமாகக் கொடுங்கள். எழுத்துக்கு 400, வரைபடம் உள்ள பக்கத்துக்கு 600 டிபிஐ, வண்ணத்தில் ஸ்கேன் செய்யுங்கள், வெற்றுப் பின்பக்கத்தையும் விடாதீர்கள். அடியோரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் அச்சக எண்ணும் கம்பெனி முகவரியும்தான் அந்தத் தாளின் வயதைச் சொல்லும். ஓரத்தை வெட்டி அழகுபடுத்தினால் அது போய்விடும். ஸ்கேனர் இல்லையென்றால் மூட்டம் போட்ட பகலில் ஜன்னலோரம் தாளைப் பரப்பி, போனை நேர் மேலே பிடித்து எடுங்கள். கோப்பின் பெயரில் மாடல், சவுண்ட் பாக்ஸ் எண், மோட்டார் பெயர் மூன்றையும் எழுதி அனுப்புங்கள்.